வெள்ளையடித்த பள்ளிக்கூடம்

காலை மணி அடித்து, கடவுள் வாழ்த்து முடிந்து, பிள்ளைகள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்ததும் தலைமை ஆசிரியர் பூமிநாதன் செய்கிற முதல் காரியம் வெற்றிலை போடுவது. காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்து வாயின் ஒரு மூலைக்கு அனுப்புவார். விரலில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பை, ஐந்தாம் வகுப்புப் பக்கம் போகிற போக்கில், தெற்குச் சுவரில் ஒரு இழுப்பு இழுப்பார். அதற்குப் பிறகுதான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு. வருடக்கணக்காக இந்த ஒழுங்கு மாறியதில்லை. சுவரில் அந்த இடம் தேமல் விழுந்த மாதிரி ஆகியிருந்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஜோதிமேரி டீச்சர் இதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"சார், தப்பா நெனைக்காதீக. நீங்க சுண்ணாம்பு தடவுற இடத்துல ஒரு குதிரை இருக்கு."

"குதிரையா? எங்கன?"

"அதோட கண்ணுலதான் தடவியிருக்கீக."

பூமிநாதன் குனிந்து பார்த்தார். உற்றுப் பார்த்தபோது கழுத்து தெரிந்தது, கடிவாளம் தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய சுண்ணாம்பு இருந்தது. "அட, ஆமா" என்று சிரித்துவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டார். மறுநாள் முதல் விரலை ஜன்னல் கட்டையில் துடைக்க ஆரம்பித்தார். அந்த மட்டுக்கு நல்ல மனிதர்தான்.

வெள்ளரியேந்தல் பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் சத்திரமாக இருந்தது. ராமேஸ்வரத்துக்கு ஜனங்கள் கால்நடையாகப் போன நாளில், ராமநாதபுரத்தைத் தாண்டியதும் தங்கி, சமைத்து, உறங்கிப் போவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் கட்டியது. இடுப்பு உயரத்துக்கு மேலே உத்தரம் வரை சுவர் முழுக்கச் சித்திரம் எழுதி வைத்திருந்தார்கள். ரயில் வந்ததும் நடப்பவர்கள் நின்றுபோனார்கள். சும்மா கிடந்த கட்டடத்தில் ஆரம்பப் பள்ளி வைத்தார்கள். அன்று முதல் ஊரின் தலைமுறைகள் அந்தச் சுவரில் சாய்ந்துதான் அரிச்சுவடி படித்தன. பிள்ளைகளின் தலை எண்ணெய் பட்டுப் பட்டு, யானைகளின் கால்களும் பல்லக்குத் தூக்கிகளின் வயிறும் கறுத்துப்போயின. சுவரை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவன் கடலைப் பார்ப்பதில்லை என்றால் அதில் ஒரு நியாயம் உண்டு. கடல் எங்கும் போய்விடாது. சுவர் அப்படி இல்லை. இதை அந்த ஊரில் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

ஜோதிமேரி கடற்கரை ஊரான மண்டபத்து மீனவக் குடும்பத்துப் பெண். வாரக் கடைசியில் ஊருக்குப் போவாள். திங்கட்கிழமை காலைப் பாசஞ்சரில் உச்சிப்புளியில் இறங்கி நடந்து வருவாள். ஆசிரியப் பயிற்சியில் அவளுக்கு வாய்த்த சித்திர ஆசிரியை, ஒரே ஒரு படத்தை மாட்டிவிட்டு ஒரு பீரியட் முழுக்க அதைப் பார்க்கவைக்கிற ரகம். பக்கத்தில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஜோதிமேரிக்கு மட்டும் அது பிடித்துக்கொண்டது.

"சார், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் தக்கிளி நூற்கிற நேரந்தான? பஞ்சே வாரதில்ல. அந்த நேரத்தை எனக்குத் தாங்க. இந்தச் சுவத்தை வச்சுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறேன்."

"சுவத்துல என்ன பாடம்மா இருக்கு?"

"பாத்தாத்தான சார் தெரியும்."

பூமிநாதன் யோசித்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவர் சந்தைக்குப் போகிற வழக்கம். யாராவது பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டால் போதும். "நடத்துங்க, நடத்துங்க" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை ஜோதிமேரி நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் தெற்குச் சுவருக்கு எதிரில் திருப்பி உட்கார வைத்தாள். பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கையாக இருந்தது. இத்தனை நாள் முதுகைக் காட்டிய சுவருக்கு அன்றைக்குத்தான் முகத்தைக் காட்டினார்கள்.

"நான் கை தட்டுற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேசாமப் பாருங்க. பெறகு ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக் கூடாது."

முதலில் யானை வந்தது. அப்புறம் குதிரை, குடை, கொடி, பல்லக்கு. எளிதானதெல்லாம் தீர்ந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கண் திறந்தது. பின்வரிசையில் இருந்த கருப்பட்டிக்காரர் மகன் எழுந்து, "டீச்சர், பல்லக்குக்குள்ள இருக்கறவன் கால்ல செருப்பு இருக்கு, தூக்குறவன் கால்ல இல்ல" என்றான். இன்னொருவன், "சிப்பாய் கையில துப்பாக்கி இருக்கு" என்றான்.

"சரி. அப்ப இந்தப் படம் எப்ப வரைஞ்சது?"

"துப்பாக்கி வந்த பெறகு."

"ரயிலு இல்லியே டீச்சர். அப்ப ரயிலு வாரதுக்கு முன்னாடி!"

ஜோதிமேரி கை தட்டியே விட்டாள். "அம்புட்டுத்தான்யா சரித்திரம். யாரும் எழுதி வைக்காததைக்கூட நீங்க பாத்தே கண்டுபிடிச்சுட்டீக."

ஐந்தாம் வகுப்பில் நாகலெட்சுமி என்றொரு பெண். பஞ்சாயத்துப் பிரசிடெண்டு ராக்கப்பனின் மகள். வாய்ப்பாட்டில் தடுமாறுவாள், பூமிநாதன் கணக்கில் அவள் மக்கு. அவள் கடைசியாக எழுந்து, "எல்லாரும் முன்னாடி பாத்து நடக்குறாக. இந்த ஒருத்தி மட்டும் திரும்பிப் பாக்குறா" என்றாள்.

எல்லாரும் எழுந்துபோய்ப் பார்த்தார்கள். கூட்டத்தின் நடுவில், தலையில் மூட்டையோடு, ஒருத்தி கழுத்தைத் திருப்பியிருந்தாள்.

"ஏன் திரும்புறா?"

"வீட்டைப் பூட்டுனமான்னு நெனப்பு வந்துருச்சு."

"பிள்ளையை விட்டுட்டு வந்துட்டா."

"எதுன்னாலும் இருக்கலாம். ஆனா படத்துல அதுக்கு என்ன அடையாளம் இருக்குன்னு காட்டணும். சும்மா சொல்லக் கூடாது" என்றாள் ஜோதிமேரி.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை ஐந்தாம் வகுப்பு அந்த ஒரு பெண்ணைப் பற்றியே அடித்துக்கொண்டது.

இப்படியே வாரங்கள் போயின. சிவப்புக்குக் காவிக்கல், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குக் கரி என்று சொல்லிக் கொடுத்தாள். கடைகளில் மாட்டுகிற சோப்புக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்து, "எது நல்லாருக்கு? ஏன்? காலண்டர்தான் நல்லாருக்குன்னாலும் அடிக்க மாட்டேன், காரணம் மட்டும் சொல்லணும்" என்றாள். திருவிழாவுக்குப் போனால் ராமேஸ்வரம் பிராகாரத்துத் தூணில் என்ன செதுக்கியிருக்கிறது என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும். மண்டபம் மாதா கோயில் சுரூபத்தின் மடிப்புத் துணியை மரத்தில் எப்படி இழைத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லுவாள். தெற்குச் சுவர் முடிந்து மேற்குச் சுவருக்கு வந்தார்கள். அதில் கடலும் தோணியும் இருந்தன. வாய் திறக்காத பிள்ளைகளெல்லாம் பேசின. ஒரு மாற்றத்தைப் பூமிநாதனே கவனித்தார். பிள்ளைகள் சுவரில் சாய்வதை விட்டிருந்தார்கள்.

மிச்சமிருந்தது வடக்குச் சுவர். மூன்றிலும் பெரியது அதுதான். யாத்திரைக்காரர்கள் அதன் அடியில்தான் அடுப்பு மூட்டினார்கள் போலிருக்கிறது. புகை படிந்து ஒரே கறுப்பாக இருந்தது. போதாக்குறைக்கு அதை மறைத்துக்கொண்டு பூமிநாதனின் மேசை, நாற்காலி, பீரோ, மதிய உணவு அரிசி மூட்டைகள்.

"சார், மேசையைக் கொஞ்சம் நகர்த்தினா நான் மெதுவா ஈரத்துணியில ஒத்திப் பாப்பேன். உள்ள ஏதோ பெரிய படம் இருக்கு."

"அடுத்த வாரம் பாப்பம்மா."

அடுத்த வாரம் என்றால் அவர் அகராதியில் அடுத்த வாரம் இல்லை. பீரோவை நகர்த்த ஆள் வேண்டும், மூட்டையை நகர்த்தினால் எலி வரும், மேசையில் ரிஜிஸ்டர் கலைந்துவிடும். வாரத்துக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

கார்த்திகை மாதம் ராக்கப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முகம் சரியில்லை.

"வாத்தியாரய்யா, பொட்டப் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்குறீக? எம்மக வீட்ல வந்து, படத்துல பொம்பளைக ரவிக்கை போடலன்னு அவ ஆத்தாகிட்ட சொல்லுது."

"அது பழைய காலத்துப் படம்ங்கய்யா..."

"பழசா இருந்தா? அதுவும் நம்ம கோயிலு கொளத்தைப் பத்தி மாதா கோயிலுக்குப் போற வேதக்கார டீச்சரு சொல்லித்தான் தெரியணுமாக்கும்? எம்பிள்ளைக்குக் கணக்கே வரல. முதல்ல அதைச் சொல்லிக் குடுங்க."

ராக்கப்பனின் சொந்த அப்பத்தா சாகும்வரை ரவிக்கை போட்டதில்லை. அந்த ஊர்க் கிழவிகளில் பாதிப்பேர் அன்றைக்கும் போடவில்லை. அதெல்லாம் அவர் கண்ணை உறுத்தியதில்லை. சுவரில் இருந்ததுதான் உறுத்தியது. பூமிநாதனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் குரலை உயர்த்தினால் அவர் சரியென்று தலையாட்டிவிடுவார். அன்று மாலையே டீச்சரைக் கூப்பிட்டார்.

"அந்தப் படப் பாடம் வேணாம்மா. இன்ஸ்பெக்‌ஷன் வருது. கணக்கு நடத்துங்க."

"சார், வடக்குச் சுவத்தை மட்டுமாவது..."

"பரீட்சையில சுவத்தைப் பத்தியா கேக்குறாக?"

அந்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பள்ளிக்கூடம் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்தியது.

தை பிறந்ததும் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற பேச்சு ஊர் ஊராக வந்தது. ஊர் மக்களே கூடித் தங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதைச் செய்து தருவது. செய்ததை அதிகாரி வந்து பார்த்துப் பாராட்டுவது. நல்ல காரியம். வெள்ளரியேந்தல் குதித்து எழுந்தது. ஒருவர் பெஞ்சு கொடுத்தார், ஒருவர் தண்ணீர்ப் பானை கொடுத்தார். ராக்கப்பன் மண்டபத்துச் சூளையிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பை வண்டி வண்டியாக இறக்கினார்.

அந்தக் கரையில் ஒரு இடத்துக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதற்கு வெள்ளையடிப்பதுதான். பொங்கலுக்கு வீடு, திருவிழாவுக்கு மாதா கோயில், கந்தூரிக்குத் தர்கா, கொடைக்குக் கோயில் என்று எல்லாவற்றுக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. வெள்ளையடிக்காத சுவர் என்றால் கவனிப்பார் இல்லாத சுவர் என்று அர்த்தம். ஆகவே ராக்கப்பன் பள்ளிக்கூடத்தின் மேல் வைத்த பிரியத்தைச் சந்தேகப்படக் கூடாது. அவருக்குத் தெரிந்த வழியில் அதை வாரி இறைத்தார்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் புறப்படும் முன் ஜோதிமேரி பூமிநாதனிடம் வந்தாள்.

"சார், வெள்ளையடிக்கிறதை வெளிச்சுவரோட நிறுத்திக்கச் சொல்லுங்க. உள்ள வேணாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"சொல்றம்மா. நீங்க கவலைப்படாமப் போய்ட்டு வாங்க."

அவர் யாரிடமும் சொல்லுமுன் சனிக்கிழமை காலை ஊரே வந்துவிட்டது. அவர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிய மேசையையும் பீரோவையும் மூட்டைகளையும் இளவட்டங்கள் வெற்றிலை மெல்லும் நேரத்தில் தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். அழுக்கு அதிகம் என்று வடக்குச் சுவரில்தான் ஆரம்பித்தார்கள். சுண்ணாம்பு பிடிக்க வேண்டுமென்றால் முதலில் கழுவ வேண்டும். வாளி வாளியாகத் தண்ணீரை வீசித் தென்னை நாரால் தேய்த்தார்கள்.

கரி கறுப்பாக வழிந்து இறங்கியது. அதற்குப் பின்னால் நிறம் வந்தது. ஈரச் சுவரில் பச்சையும் சிவப்பும் நேற்று எழுதியது போல ஒளிவிட்டன. தேய்த்துக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. "ஏலே, இங்கன பாருங்கடா" என்று யாரோ சொன்னார்கள்.

நாகலெட்சுமி குடத்தோடு ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "அய்யா, அய்யா, இது நாங்க இன்னும் பாக்காத சுவருய்யா. டீச்சரு வந்து பாத்த பெறகு அடிங்களேன்."

"போடீ, ஊருணில தண்ணி எடுத்துட்டு வா, போ" என்று அவளை விரட்டினாலும் ராக்கப்பனுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சுண்ணாம்பு அடிக்கும் பனைமட்டையைக் கையில் பிடித்தபடி திரும்பினார்.

"வாத்தியாரய்யா, பிள்ளை என்னமோ சொல்லுது. அடிக்கவா, விட்டுறவா? நீங்க படிச்சவுக. நீங்க சொன்னாச் சரி."

இப்படி ஒரு வாய்ப்பு மனிதனுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ராக்கப்பன் மறுத்திருக்க மாட்டார். அவரே அதைக் கேட்கத்தான் நின்றார். பூமிநாதனின் நாக்கு நுனி வரை அந்தச் சொல் வந்தது. அதற்குள் வாசலில் வளைவு கட்டுகிறவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வரப்போகும் அதிகாரியின் முகம் மனசில் வந்தது. பாதி வெள்ளையும் பாதி அழுக்கும் படமுமாக இருந்தால் அவர் என்ன நினைப்பார்?

"அடிங்க. ஒரே மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு ஈரத்தில் மறைக்காது. அடித்த கையோடு பார்த்தால் நீர் மாதிரிதான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். மத்தியானம் வரை பின்னால் நிறங்கள் தெரிந்துகொண்டுதான் இருந்தன. யாரும் நின்று பார்க்கவில்லை. எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை. சாயங்காலம் இரண்டாம் பூச்சும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் வெளுத்தன. யானை, குதிரை, பல்லக்கு, தோணி, திரும்பிப் பார்த்த பெண் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை காலை ஜோதிமேரி உள்ளே வந்தாள். வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். கத்துவாள், அழுவாள் என்று பூமிநாதன் பயந்துகொண்டிருந்தார். அவள் தெற்குச் சுவரருகே போய் ஒரு இடத்தில் கையை வைத்தாள். எடுத்தபோது உள்ளங்கையில் வெள்ளை ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போனாள்.

மாநாடு அமர்க்களமாக நடந்தது. அதிகாரி உள்ளே வந்து சுற்றிப் பார்த்து, "பால் மாதிரி வச்சிருக்கீங்க" என்றார். பூமிநாதன் கழுத்தில் மாலை விழுந்தது. ஊர் கை தட்டியது. வாழ்நாளில் முதல் மாலை. அதைப் போட்டுக்கொண்டு நிற்கையில், கை தட்டாமல் நின்ற ஜோதிமேரியையும் நாகலெட்சுமியையும் அவர் பார்த்துவிட்டார். மாலை கனத்தது.

எல்லாரும் போன பிறகு அவரே போய்ப் பேச்சை எடுத்தார். "திட்டணும்னா திட்டிருங்கம்மா."

"திட்டி என்ன சார் ஆகப்போவுது? நீங்க கெட்ட எண்ணத்துல செய்யல. ஊராரும் கெட்ட எண்ணத்துல செய்யல. ஆசையாத்தான் அடிச்சாக. அதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

இந்தப் பேச்சு அவரைத் தூங்கவிடாமல் அரித்தது. புதன்கிழமை பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத்துணியால் வடக்குச் சுவரில் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு வந்தது. அதோடு பச்சையும் வந்தது. துணியைப் பிழிந்தால் பச்சை கலந்த பால். துடைத்த இடத்தில் வெறும் காரை மணல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்தால் இருப்பதும் போய்விடும் என்று நிறுத்திக்கொண்டார். துணியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், அப்படியொரு அழுகை அழுதார்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு மணி அடித்ததும் ஜோதிமேரியிடம் போனார்.

"பிள்ளைகளுக்குப் படப் பாடம் எடுங்கம்மா."

"எதைக் காட்டி எடுக்க சார்?"

பூமிநாதன் நகராமல் நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து ஜோதிமேரிக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். பிள்ளைகளைத் தெற்குச் சுவருக்கு எதிரில், முன்போலவே திருப்பி உட்கார வைத்தாள். வெறும் வெள்ளைச் சுவர். பிள்ளைகள் முழித்தார்கள்.

"இங்கன என்ன இருந்துச்சு? ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக் கூடாது."

தயங்கித் தயங்கி ஒருவன் யானை என்றான். அவ்வளவுதான், மடை உடைந்தது. குதிரை எங்கே நின்றது, அதன் கடிவாளம் என்ன நிறம், குடைக்கு எத்தனை குஞ்சம், பல்லக்குக்குள் இருந்தவன் கையில் என்ன பூ என்று எழுந்து எழுந்து சுவரில் விரலை வைத்துக் காட்டினார்கள். "அங்கன இல்லடா, ஒரு சாண் தள்ளி" என்று சண்டை போட்டார்கள். நாகலெட்சுமி வெள்ளைச் சுவரில் ஒரு இடத்தைத் தொட்டு, "இங்கனதான் அவ திரும்பிப் பாத்தா" என்றாள். யாரும் அதை மறுக்கவில்லை. மேற்குச் சுவரிலும் அப்படியே தோணி, பாய்மரம், சுறா, நங்கூரம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பதினாறாம் வாய்ப்பாட்டைப் பாதியில் மறக்கிற பிள்ளைகள் இவர்கள்தானா என்று இருந்தது பூமிநாதனுக்கு. பார்த்ததை அவர்களிடமிருந்து எந்தச் சுண்ணாம்பும் எடுக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் தாமாகவே வடக்குச் சுவர் பக்கம் திரும்பினார்கள். திரும்பியதும் சத்தம் அடங்கிவிட்டது.

"டீச்சர், இதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

"தெரியலையேம்மா. அதை நாம பாக்கலையே."

"நான் மத்தியானம் வரைக்கும் தண்ணி தூக்கிக்கிட்டே இருந்தேன், வந்து பாக்குறதுக்குள்ள வெளுத்துருச்சு. எங்கய்யாகிட்டக் கேட்டேன். தேரு மாதிரி இருந்துச்சுங்கிறாரு. எங்க சித்தப்பா மரம்ங்கிறாரு. யாரும் சரியாப் பாக்கல." கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் பூமிநாதன் பக்கம் திரும்பினாள். முகத்தில் நம்பிக்கை வந்திருந்தது. "பெரிய சாருக்குத் தெரிஞ்சிருக்கும். அவுகதான இம்புட்டு வருசமா அங்கன உக்காந்திருக்காக. சொல்லுங்க சார், என்ன இருந்துச்சு?"

அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன. குத்திக்காட்டுகிற கேள்வியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் பெண் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பூமிநாதன் கண்ணை மூடி எவ்வளவோ முயன்றார். ஈரத்தில் ஒளிவிட்ட பச்சை ஞாபகம் வந்தது. ஒரு கை, அது எதையோ பிடித்திருந்தது. கையா, கிளையா? அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வாசலில் தன்னைக் கூப்பிட்ட சத்தம்தான் வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "பதினஞ்சு வருசத்துக்கு மேல அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களுக்கெல்லாம் எழுதச் சொல்லிக் குடுத்தேன், கூட்டச் சொல்லிக் குடுத்தேன். பாக்கச் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுக்க வந்தவுகளையும் நான் விடல. பாக்கச் சொல்லிக் குடுக்காத பள்ளிக்கூடம் பாதிப் பள்ளிக்கூடம்தான். சின்ன வயசுலயே நின்னு பாக்கப் பழகாதவன், வளந்த பெறகு, நல்ல காரியம்னு நெனச்சுக்கிட்டே தன் சொத்தைத் தன் கையாலயே அழிச்சுருவான். நான் அழிச்ச மாதிரி. இனிமே வெள்ளிக்கிழமை இந்தப் பாடம் நிக்காது. யாரு வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

பிள்ளைகளுக்கு இதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஜோதிமேரி தலையைக் குனிந்துகொண்டாள். நாகலெட்சுமி மட்டும் வடக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுல என்ன இருந்துச்சுன்னு இனிமே யாருக்குமே தெரியாதா சார்?"

"தெரியாதும்மா" என்றார் பூமிநாதன். "யாருக்குமே தெரியாது."